2018–19 ஐ-லீக் கால்பந்துப் பருவம்

2018–19 ஐ-லீக் என்பது இந்தியாவின் தேசிய அளவிலான கால்பந்து லீக்குகளுள் ஒன்றான ஐ-லீக்கின் 12ஆம் பருவம் ஆகும். இப்பருவம் 2018 அக்டோபர் 26 அன்று தொடங்கி 2019 மார்ச் 9 அன்று முடிந்தது. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 43 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. ஒரே ஒரு புள்ளி பின்தங்கிய கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் இரண்டாம் இடம் பெற்றது. ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வென்றது அதுவே முதல் முறை.

பட்டம் வென்ற கழகம் மூன்றே ஆண்டுகளில் லீக்கிலிருந்து காணாமல் போனது. கடைசி மூன்று இடங்களில் முடிந்த கழகங்களோ பின்னர் மேலே வந்தன. இது எப்படி நிகழ்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, புள்ளிப் பட்டியலுடன் அந்தப் பட்டியல் அணிகளுக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுக்குகளும் கதவுகளும்

உலகின் பெரும்பாலான நாடுகளில் கால்பந்து லீக்குகள் மாடிகளைப் போல ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்திருக்கும். கீழ் அடுக்கில் முதலில் வரும் அணி அடுத்த ஆண்டு மேல் அடுக்கில் ஆடும். இது தரவுயர்வு. மேல் அடுக்கில் கடைசியாக வரும் அணி கீழே இறங்கும். இது தரவிறக்கம். இந்த ஏற்ற இறக்கம்தான் பட்டியலின் இரு முனைகளிலும் பருவத்தின் கடைசி ஆட்டம் வரை உயிரோட்டத்தைத் தக்கவைக்கிறது.

போர்ச்சுகலின் இரண்டாம் அடுக்கு லீக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்று அதில் 18 அணிகள் ஆடுகின்றன. முதல் இரண்டு அணிகள் நேரடியாக மேலே போகும். மூன்றாவது அணி, மேல் அடுக்கில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்த அணியுடன் மோதி வென்றால் மேலே போகலாம். அந்த லீக்கிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பெரிய கழகங்களின் இரண்டாம் அணிகள் அங்கே ஆடலாம், ஆனால் தாய்க் கழகம் ஆடும் அடுக்குக்கு உயர முடியாது. 24 அணிகள் ஆடிய 2015–16 பருவத்தில் போர்ட்டோ கழகத்தின் 'பி' அணி பட்டம் வென்றது. கோப்பை அதற்குக் கிடைத்தது. தரவுயர்வோ இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற ஷாவெஸ், ஃபெய்ரென்ஸ் அணிகளுக்குப் போனது. பட்டமும் ஏற்றமும் ஒன்றல்ல என்பதை அந்தப் பருவம் காட்டியது. ஆனால் அங்கே எந்த அணி ஏற முடியாது என்பது பருவம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் நிலைமை வேறு.

2007இல் தொடங்கிய ஐ-லீக், நாட்டின் முதன்மை லீக்காகவே இருந்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் ஒரு குறுகிய காலப் போட்டியாக வந்தது. திரை நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் அதன் அணிகளில் பங்குதாரர் ஆனார்கள். பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 2017இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அதை ஏற்றது. அதன்பின் இரண்டு லீக்குகளும் ஒரே மாதங்களில் பக்கம் பக்கமாக நடந்தன. ஐ-லீக் வெற்றியாளருக்கு ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று, சூப்பர் லீக் வெற்றியாளருக்கு அதற்கு அடுத்த நிலைப் போட்டியான ஆசியக் கோப்பை என்று வாய்ப்புகள் பிரிக்கப்பட்டன.

ஆகவே 2018–19இல் ஐ-லீக் தாளில் முதல் அடுக்கு, நடைமுறையில் இரண்டாம் அடுக்கு. சூப்பர் லீக்கில் ஓர் அணி ஆட வேண்டுமானால் கட்டணம் கட்டி உரிமை பெற வேண்டும். ஐ-லீக்கை வென்று அங்கே போக வழி இல்லை. பருவத்தின் நடுவில், மீதமுள்ள எல்லா ஆட்டங்களையும் காட்டப்போவதில்லை என்று ஒளிபரப்பு நிறுவனம் அறிவித்தது. ஐ-லீக் கழகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. பட்டத்துக்கான போட்டி சூடுபிடித்த வேளையில் ரசிகர்கள் சில ஆட்டங்களின் முடிவை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

அணிகள்

இப்பருவத்தில் 11 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற பத்து அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையும் மோதியதால் அணிக்கு 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1. இரண்டு அணிகள் சமப் புள்ளிகளில் முடித்தால், அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவே முதலில் பார்க்கப்படும். கடைசி நாளில் இந்த விதி முக்கியமானது.

முந்தைய ஆண்டின் பட்டத்தை மினர்வா பஞ்சாப் வைத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மிசோரமின் ஐசால் வென்றிருந்தது. பெரிய நகரங்களின் பழைய கழகங்களைச் சிறிய கழகங்கள் வரிசையாக வீழ்த்திய காலம் அது. ஷில்லாங் லாஜோங் வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லாமல் இளம் இந்திய வீரர்களை நம்பி இறங்கியது. கூட்டமைப்பே நடத்திய இளையோர் அணியான இந்தியன் ஏரோஸ் கடைசி இடம் பிடித்தாலும் தரவிறக்கம் ஆகாது என்பது ஏற்பாடு. போர்ச்சுகலின் 'பி' அணிக்கு மேல் கதவு அடைப்பு என்றால், ஏரோஸ் அணிக்குக் கீழ்க் கதவு அடைப்பு.

புதிதாக வந்த ரியல் காஷ்மீர், ஸ்ரீநகரிலிருந்து இந்த லீக்கில் ஆடிய முதல் கழகம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ராபர்ட்சன் அதன் பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாபை அதன் மைதானத்தில் 1–0 என்று வென்ற அந்த அணி, இறுதியில் மூன்றாம் இடம் பெற்றது. இப்பருவத்தின் கதையை எழுதுபவர்கள் சென்னையோடு நிறுத்திவிடுவது காஷ்மீருக்குச் செய்யும் அநீதி.

சென்னை சிட்டி எஃப்சி

சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும் 2016–17இல் ஒரே சமயத்தில் ஐ-லீக்குக்குள் நேரடியாகச் சேர்க்கப்பட்ட கழகங்கள். முதல் இரண்டு பருவங்களிலும் சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. சென்னையில் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்சி ஏற்கெனவே நேரு விளையாட்டரங்கில் ஆடிவந்தது. 2017–18இல் சென்னை சிட்டி தன் ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்குக்கு மாற்றிக்கொண்டது. பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். முதலில் இது விசித்திரமாகத் தெரிந்தாலும் அணிக்கு நன்மையாகவே முடிந்தது. கோவையில் இதற்குப் போட்டியாக இன்னொரு தேசிய லீக் அணி இல்லை.

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஐந்து வெளிநாட்டு வீரர்களும் ஸ்பெயின் கால்பந்தில் வளர்ந்தவர்கள்: கோல்காப்பாளர் நவ்ஸெட் சந்தானா, தடுப்பாட்டக்காரர் ரொபெர்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ ரொட்ரிகெஸ், நெஸ்டர் கோர்டில்லோ, முன்களத்தில் உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி. ஒருவர்கூட உலகப் புகழ் பெற்றவர் அல்லர். பெரிய பெயர்களை வாங்க முடியாத கழகம், ஒரே மாதிரி ஆட்டம் பழகியவர்களைத் தேர்ந்தெடுத்தது. பந்தைத் தரையோடு வைத்துச் சிறு சிறு கடத்தல்களால் முன்னேறும் அந்தப் பாணிக்கு இது பொருந்தியது.

உள்ளூர் வீரர்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் தொடர்ந்து இடம்பெற்றார்கள். தமிழ்நாட்டில் கால்பந்து எல்லா ஊருக்கும் சமமாகப் பரவிய ஆட்டம் அல்ல. வட சென்னையின் வியாசர்பாடி, கன்னியாகுமரிக் கடற்கரையின் தூத்தூர், இரவிபுத்தன்துறை என்று சில இடங்களில் அது ஊர் வழக்கமாகவே வேரூன்றியிருக்கிறது. 2017–18இல் சென்னை சிட்டிக்கு ஆடிப் பெயர் பெற்று சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூருக்குப் போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் போன்ற ஊர்களில் மாலை வேளையில் மைதானத்தில் தென்படுவது பெரும்பாலும் கைப்பந்தும் கபடியும் கிரிக்கெட்டும்தான். அப்படிப்பட்ட ஊர்களின் மாணவர்களும் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளத்தக்க ஒரு கால்பந்து அணியை இந்தப் பருவம் தந்தது.

பருவத்தின் போக்கு

தொடக்க ஆட்டத்திலேயே சென்னை சிட்டி இந்தியன் ஏரோஸை 4–1 என்று வென்றது; மான்ஸி மூன்று கோல் அடித்தார். 2018 நவம்பர் 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலை 2–1 என்று வீழ்த்தியது. 2019 பொங்கல் வேளையில் கோவைக்கு வந்த ஈஸ்ட் பெங்கால் மீண்டும் அதே 2–1 கணக்கில் தோற்றது. அப்போது இவை 6 புள்ளிகளாக மட்டுமே தெரிந்தன.

அணியின் பலம் தாக்குதலில் இருந்தது. 20 ஆட்டங்களில் 48 கோல் அடித்தது. ஈஸ்ட் பெங்கால் அடித்தவை 37. ஆனால் சென்னை வாங்கிய கோல்கள் 28, ஈஸ்ட் பெங்கால் வாங்கியவை 20. தடுப்பு ஓட்டையாக இருந்தாலும் அதற்கு மேல் அடித்துச் சரிக்கட்டிய அணி இது. பார்ப்பவர்களுக்கு விருந்து, பயிற்சியாளருக்கு நெஞ்சுவலி. மான்ஸி 21 கோல்களுடன் பருவத்தை முடித்தார். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

பிப்ரவரியில் ஆட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒன்று லீக்கைத் தொட்டது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் பாதுகாப்புப் படையினர் மீது தாக்குதல் நடந்தது. நான்கு நாட்களில் ஸ்ரீநகரில் ஆட வேண்டிய மினர்வா பஞ்சாப், பாதுகாப்பைக் காரணம் காட்டிச் செல்லவில்லை. அந்த ஆட்டம் நடக்கவில்லை. ஈஸ்ட் பெங்காலுடன் ரியல் காஷ்மீர் ஸ்ரீநகரில் ஆட வேண்டிய ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காஷ்மீர் அணி, மிக முக்கியமான வாரங்களில் தன் மண்ணையும் ரசிகர்களையும் இழந்தது.

சென்னை சிட்டி பட்டத்தை முன்கூட்டியே உறுதி செய்திருக்கலாம். ஆனால் மார்ச் தொடக்கத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2–3 என்று தோற்றது. எல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போயின.

2019 மார்ச் 9

கடைசி நாள் காலையில் சென்னை சிட்டி 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபுடனும், ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடனும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். சென்னை வென்றால் கேள்வியே இல்லை. சென்னை வெல்லாமல் ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்கு.

மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். கோவை மைதானம் அடங்கியது. இடைவேளை வரை பதில் கோல் இல்லை. 56ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மான்ஸி கோலாக்கினார். 69ஆம் நிமிடத்தில் அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா இரண்டாம் கோலை அடித்தார்.

அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு முன்னிலை தந்தார். ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. 79ஆம் நிமிடத்தில் ஹைமே சந்தோஸ் கொலாடோ பெனால்டியில் சமன் செய்தார். 85ஆம் நிமிடத்தில் லால்தன்மாவியா ரால்டே வெற்றிக் கோலை அடித்தார். அந்த நிமிடம் முதல் ஈஸ்ட் பெங்காலின் கணக்கு 42. கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் அடித்து 2–2 ஆக்கினால் சென்னையின் கணக்கு 41ஆக நின்றுவிடும். பருவம் முழுவதும் கோல் வாங்கிப் பழகிய அணிக்கு ஐந்து நிமிடங்களும் கூடுதல் நேரமும் எவ்வளவு நீளம் என்று யோசித்துக்கொள்ளலாம். கூடுதல் நேரத்தில் போரா தன் இரண்டாவது கோலை அடித்தார். 3–1. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

அன்றைய செய்திகள் இதை வாழ்வா சாவா ஆட்டமாகவே வருணித்தன. நிமிடங்களை வரிசைப்படுத்திக் கணக்குப் போட்டால் வேறொன்று தெரிகிறது. சென்னை 0–1 என்று பின்தங்கியிருந்தபோது கோழிக்கோட்டில் கோல் எதுவும் விழவில்லை. அந்நிலையில் இரண்டு அணிகளுக்கும் 40 புள்ளிகள். சமப் புள்ளி என்றால் அந்த அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்க்க வேண்டும்; இரண்டையும் சென்னை வென்றிருந்தது. ஈஸ்ட் பெங்கால் முதல் கோல் அடிக்கும் முன்பே சென்னை 2–1 என்று முந்திவிட்டது. அதாவது அந்த மாலையில் ஒரு நிமிடம்கூடப் பட்டம் சென்னையின் கையை விட்டுப் போகவில்லை. நவம்பரிலும் ஜனவரியிலும் பெற்ற அந்த இரண்டு 2–1 வெற்றிகள் மார்ச்சில் காவல் நின்றன. லீக் போட்டியின் இயல்பு இது: நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் கடைசி நாளில் வந்து பேசும்.

ஈஸ்ட் பெங்காலுக்கு இது பழைய காயம். 2003–04க்குப் பின் அதுவரை தேசிய லீக் பட்டம் அதற்குக் கிட்டியிருக்கவில்லை.

பட்டியலின் மறுமுனை

மினர்வா பஞ்சாப் 18 புள்ளிகளுடன் ஒன்பதாம் இடம். கோகுலம் கேரளா 17 புள்ளிகளுடன் பத்தாம் இடம். ஷில்லாங் லாஜோங் 11 புள்ளிகளுடன் கடைசி இடம் பெற்றுத் தரவிறங்கியது.

பட்டத்துக்குப் பின்

பட்டம் வென்ற சில வாரங்களில் சென்னை சிட்டி தன் தரத்தை நிரூபிக்க வாய்ப்புக் கிடைத்தது. புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை, இரண்டு லீக் அணிகளும் சந்திக்கும் போட்டி. ஐ-லீக் கழகங்கள் பல அதைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. காலிறுதியில் எதிரணி பெங்களூரு எஃப்சி. மார்ச் 17 அன்று சூப்பர் லீக் பட்டம் வென்ற அணி. சென்னை சிட்டி 2–1 என்று வென்றது. அரையிறுதியில் கோவா எஃப்சியிடம் 0–3 என்று தோற்றது. 'இரண்டாம் அடுக்கு' என்று ஒதுக்கப்பட்ட லீக்கின் சாம்பியன் முதல் அடுக்கின் சாம்பியனை நேருக்கு நேர் வென்றதை எந்த நிர்வாகத் தீர்மானமும் கணக்கில் எடுக்கவில்லை.

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு இந்தியாவுக்கான புதிய பாதை வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி சூப்பர் லீக் அதிகாரப்பூர்வமான முதல் அடுக்கு ஆனது. ஐ-லீக் கீழே இறங்கியது. ஐ-லீக் வெற்றியாளர் கட்டணம் இல்லாமல் மேலே போகும் தரவுயர்வு 2022–23 பருவத்திலிருந்துதான் என்று முடிவானது. 2019இல் வென்றவர்களுக்கு அதில் பங்கில்லை.

சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் 2019 தொடக்கத்தில் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ஆனாலும் வீரர்களைத் தக்கவைக்க முடியவில்லை. கோர்டில்லோ ஹைதராபாத்துக்கும், வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், போரா ஒடிசாவுக்கும் போனார்கள். பின்னர் ரொமாரியோ கோவா எஃப்சிக்கும், அஜித் குமார் பெங்களூருக்கும் மாறினார்கள். எல்லாம் சூப்பர் லீக் அணிகள். கழகத்துக்கு அடைத்திருந்த கதவு வீரர்களுக்குத் திறந்திருந்தது. இதை ஒரு குறையாக மட்டும் பார்க்கக்கூடாது. தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அந்தப் பருவம் வேலைவாய்ப்பாகவே அமைந்தது.

2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் சென்னை சிட்டி 0–1 என்று தோற்றது. சென்னையின் 'சொந்த மைதான' ஆட்டமான அது கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. மான்ஸி ஜப்பானின் இரண்டாம் அடுக்கில் இருந்த அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். மார்ச் 11 அன்று ஆசியக் கோப்பையில் மாலத்தீவின் மாஸியாவுடன் 2–2 என்று சமன். அடுத்த சில நாட்களில் கொரோனா பரவலால் எல்லாப் போட்டிகளும் நின்றன.

2020–21 பருவம் முழுவதும் வங்காளத்தில், பார்வையாளர் இன்றி, ஒரே இடத்தில் அணிகளைத் தங்கவைத்து நடந்தது. கோவை மைதானம் இல்லாத சென்னை சிட்டி பட்டியலின் அடிப்பகுதியில் முடித்தது. 2021–22 ஐ-லீக் அணிகளின் வரிசையில் அதன் பெயர் இல்லை. கழக உரிம நிபந்தனைகளை நிறைவேற்றாததே காரணம்.

2018–19இன் கடைசி மூன்று அணிகளின் பாதை வேறாக இருந்தது. பத்தாம் இடம் பெற்ற கோகுலம் கேரளா 2020–21, 2021–22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக் பட்டம் வென்றது. ஒன்பதாம் இடம் பெற்ற மினர்வா பஞ்சாப் உரிமையாளரும் பெயரும் மாறி, 2022–23 ஐ-லீக்கை வென்றது. களத்தில் வென்று சூப்பர் லீக்குக்குத் தரவுயர்வு பெற்ற முதல் கழகம் அதுதான். தரவிறங்கிய ஷில்லாங் லாஜோங் கீழ் அடுக்கில் ஆடி, 2023–24இல் ஐ-லீக்குக்குத் திரும்பியது. ஈஸ்ட் பெங்கால் 2020இலேயே, வென்று ஏறும் வழி திறக்கும் முன்பே, முதலீட்டாளர் துணையுடன் சூப்பர் லீக்குக்குள் போய்விட்டது.

2021–22 முதல் 2024–25 வரை நடந்த நான்கு ஐ-லீக் பருவங்களில் தமிழ்நாட்டுக் கழகம் எதுவும் ஆடவில்லை.